எட்டாம் நாளுக்கு ஒரு பெயர்

கையளிப்புப் படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு ‘விசேட குறிப்புகள்’ என்று பெயர். அதற்குக் கீழே மூன்று கோடுகள் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருட வேலையில் விசேடமாக ஏதும் இருந்தால் அந்த மூன்று கோட்டுக்குள் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். நான் இரண்டு நாள் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். என் இடத்துக்கு வந்திருக்கும் துஷாந்தி வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“இல்லை எண்டு எழுதத்தானோ அண்ணை ரெண்டு நாள் எடுத்தனீங்கள்? மனசிலை கிடக்கிறதை வேற எங்கையாவது எழுதுங்கோவன்.”

அதனால்தான் இது. ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற வகைக் கட்டுரை. எனக்கு முப்பத்தேழு வயதுதான். ஒப்பந்த வேலை, ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நான் செய்த மென்பொருளுக்கு இனி வேலை இல்லை, அதனால் எனக்கும் இல்லை. களைப்பு மட்டும் அறுபது வயதுக்காரனுடையது. கண் எரிகிறது, முதுகு நோகிறது, இன்னொரு நிரலைத் தொடங்க மனம் ஏவவில்லை.

எங்கள் அலுவலகம் யாழ்ப்பாணத்தில், பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில் இருந்தது. தோட்டக் கிணறுகளைப் பதிவு செய்யும் திட்டம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. தோட்டம் செய்கிறவருக்குக் கிணறுதான் எல்லாம். ஒரு கிணற்றில் ஐந்து பேருக்கோ எட்டுப் பேருக்கோ பங்கு இருக்கும்; இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை வைத்து இறைப்பார்கள். அந்தப் பங்குகளைக் கணினியில் ஏற்றி, முத்திரை குத்திய முறைப்பட்டியல் ஒன்றைக் கிணற்றுக்காரருக்குக் கொடுப்பது எங்கள் வேலை. பட்டியல் இருந்தால்தான் தெளிப்புக் குழாய்கள் மானியமாகக் கிடைக்கும். குழாய் கொடுத்த பிறகும் ஓர் உத்தியோகத்தர் வந்து, பட்டியலின்படிதான் இறைக்கிறார்களா என்று பார்ப்பார்.

நான் படித்த கதை நீளமில்லை. கரவெட்டியில் பிறந்தேன். ஐயா (தகப்பனை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) மற்றவர்களின் தோட்டங்களுக்குக் கூலிக்கு இறைத்தவர். எங்களுக்குக் காணியும் இல்லை, கிணறும் இல்லை. ஐயாவுக்குக் கையொப்பம் வைக்கத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. நான் உயர்தரம் எழுதி, கணினி டிப்ளோமா முடித்து, விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். வேலைக்குப் போன முதல் நாள் அம்மா என் சேர்ட்டை மூன்று தரம் அயன் பண்ணினார். கணினி போட்ட கணக்குப் பிழைக்காதாம் என்று அயலுக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்போது நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

தரவுகளை எல்லாம் ஒரு மேசைக்கணினித் தரவுத்தள மென்பொருளில் வைத்திருந்தோம். ஒவ்வொரு பிரதேசத்துக்கும் தனிக் கோப்பு. ஒன்றில் ஒரு திருத்தம் செய்தால் மற்ற எல்லாக் கோப்புகளிலும் கையால் செய்ய வேண்டும். ஒன்றில் மறந்தால் அது அப்படியே கிடக்கும். அதனால் ஓர் ஆட்-இன் செய்யலாம் என்று நான்தான் முன்வந்தேன். ஆட்-இன் என்பது தனி மென்பொருள் அல்ல. ஏற்கெனவே இருக்கும் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு, அதன் பட்டியில் தனக்கென்று இரண்டு பொத்தான்களைப் போட்டுக்கொள்ளும் சிறு நிரல். எந்தப் பிரதேசத்தின் கோப்பைத் திறந்தாலும் அதே பொத்தான்கள் வரும். பங்குகளைக் கூட்டும், சரிபார்க்கும், முறைப்பட்டியலை அச்சிடும்.

செய்து முடிக்க எட்டு மாதம் எடுத்தது. என் கணினியில் ஓடும். பக்கத்து மேசைக் கணினியில் ஓடாது. அங்கே ஓடப் பண்ணினால் மூன்றாவதில், தேவையான ஒரு கோப்பைக் காணவில்லை என்று நிற்கும். எழுதிய நிரலைச் சேமிக்கும் முன் மின்சாரம் போகும். எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது தமிழ். செய்திப் பெட்டியில் தமிழில் எழுதினால் திரையில் கேள்விக்குறிகள்தான் வரிசையாக வந்தன. அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. கடைசியில் அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு செய்திக்கும் நானே ஒரு சிறு படிவம் வரைந்தேன்.

அந்தச் செய்திகள் ஒவ்வொன்றையும் மிஸ் வாசித்துப் பார்த்த பிறகுதான் வைக்கலாம். மிஸ் என்று நாங்கள் சொன்னது எங்கள் பொறுப்பதிகாரி திருமதி ஜெயரட்ணத்தை. நகரத்தில் பிறந்தவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே கொஞ்சக் காலம் படிப்பித்தவர், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். சத்தம் போட்டு ஏசியதை நான் கேட்டதில்லை. ஒரு விடயம் பிடிக்காவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அது போதும்.

நான் முதலில் எழுதிய செய்தி இது: ‘பிழை! பங்குகள் தவறு.’ மிஸ் அதைச் சத்தமாக வாசித்தார். கண்ணாடி மேசைக்கு வந்தது.

“ஆற்றை பிழை தம்பி? படிவம் நிரப்பினவற்றை பிழையோ, தட்டச்சு செய்த பிள்ளையின்ரை பிழையோ, உம்மடை பிழையோ? கணினிக்கு அது தெரியுமோ?”

“தெரியாது மிஸ்.”

“தெரியாட்டி இன்னொருக்காப் பாக்கச் சொல்லட்டும். ஆக்களைப் பிழை எண்டு சொல்லத் தேவையில்லை.”

அப்படித் திருத்தித் திருத்தி அந்தச் செய்தி இப்படி வந்து நின்றது: ‘பங்குகளின் கூட்டுத்தொகை முழுமையாக இல்லை. குறையை எல்லோருக்கும் பகிர்ந்து முழுமையாக்கவா?’ கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். அந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று பேருக்குச் சமபங்கு என்றால் தசமத்தில் கூட்டும்போது ஒன்று வராது, கொஞ்சம் குறையும். அந்தக் குறையை நிரப்பத்தான் பொத்தான். வசனத்தை நாங்கள் இருவரும் மூன்று நாள் மெருகூட்டினோம். பெரிய குறை ஒன்று வந்தால் அது ஏன் வந்தது என்று இருவரும் யோசிக்கவில்லை.

பட்டியல் வெளியே போகும் முன் மிஸ்ஸிடம் ஒரு நடைமுறை இருந்தது. இடப்பக்கம் அச்சிட்ட பட்டியல், வலப்பக்கம் கிணற்றடியில் நிரப்பிய மூலப் படிவம். நடுவில் கோடு கீறுகிற உருக்கு அடிமட்டம் ஒன்று. அதை ஒவ்வொரு வரிக்கும் கீழே இறக்கி, பெயரை வாசிப்பார். நான் படிவத்தைப் பார்த்து “ஓம் மிஸ்” என்று சொல்ல வேண்டும். சிவப்புப் பென்சிலால் சரி போடுவார். இடையில் திடீரென்று, “எங்கை பாத்தனீர்?” என்று கேட்பார். “படிவத்திலை மிஸ்” என்பதுதான் மறுமொழி. ஒருமுறை களைப்பில் “கணினியிலை” என்று சொல்லிவிட்டேன். அடிமட்டத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். அன்று வேலை அத்தோடு முடிந்தது.

சண்டிலிப்பாய்க் கிணறு ஒன்றின் படிவம் அப்படி வந்ததுதான். ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒரு பங்கு. ஆட்-இன் கூட்டிப் பார்த்துவிட்டு, முழுமையாக இல்லை என்றது. எட்டில் ஒன்று குறைகிறது. அன்று முப்பது கிணறுகளை முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே கணக்கு வைத்திருந்தேன். ‘ஆம்’ என்பதை அழுத்தினேன். எட்டில் ஒன்று ஏழில் ஒன்றாக மாறியது. எட்டு நாள் சுற்று ஏழு நாளாகியது. பட்டியலில் பங்கு அச்சாகாது, பெயரும் நாளும்தான். மிஸ்ஸின் அடிமட்டம் ஏழு பெயரிலும் இறங்கியது. பெயர் சரி, வரிசை சரி. சிவப்புப் பென்சில், முத்திரை.

இரண்டு கிழமையால் அந்தப் பட்டியலோடு ஒரு பெண் படியேறி வந்தார். பரமேஸ்வரி அக்கா. ஏழு பங்காளரில் ஒருவர். புருஷன் இல்லை. நான்கு பரப்புக் காணியில் வெங்காயம் போட்டு இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர்.

“தம்பி, இதிலை ஒரு நாள் குறையுது.”

பார்த்தேன். “ஏழு பேர், ஏழு நாள். சரிதானே அக்கா?”

“பேர் ஏழுதான். நாள் எட்டு.”

“அப்ப எட்டாம் நாள் ஆற்றை முறை?”

“ஒருத்தற்றையும் இல்லை.”

“ஒருத்தற்றையும் இல்லாத நாளை ஆற்றை பேரிலை அக்கா போடுறது? பேர் இல்லாமல் கணினி எடுக்காது.”

“அது எனக்குத் தெரியுமே? நீர்தானே படிச்சனீர்.”

“படிவத்திலை இல்லாததைக் கணினியிலை போடேலாது அக்கா.”

அவர் பட்டியலை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். “அப்ப கணினிக்குத் தெரியாது எண்டு சொல்லுறீர். சரி, நான் பஸ்ஸைப் பிடிக்கவேணும்” என்று இறங்கிப் போனார். நான் சொன்ன மறுமொழி எனக்கு நல்ல மறுமொழியாகப் பட்டது. ஏன் அந்த நாளில் ஒருவரும் இறைப்பதில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விடயம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கிணறு ஊறுவதற்கு ஒரு நாள் விட வேண்டும் என்பதை யாராவது ஒருவருக்கு விளங்கப்படுத்த வேண்டி வரும் என்று அவர் நினைத்தே இருக்கமாட்டார்.

அடுத்த வருடம், கோடை முற்றிய நேரத்தில் அக்கா மறுபடி வந்தார். கையில் ஒரு சோடாப் போத்தல், அதற்குள் தண்ணீர். மூடியைத் திறந்து என் மேசையில் வைத்தார்.

“குடிச்சுப் பாரும்.”

“என்ன அக்கா இது?”

“விசமில்லை. குடியும்.”

ஒரு மிடறு குடித்தேன். உப்பு. துப்ப இடமில்லாமல் விழுங்கினேன். மிஸ் தன் அறையிலிருந்து எழுந்து வந்து அதே போத்தலை வாங்கிக் குடித்தார். அவருடைய முகம் மாறியது.

“எங்கடை கிணத்துத் தண்ணி” என்றார் அக்கா. “ஒரு வருசமா ஊற விடாமல் இறைச்சு இறைச்சு, கீழை கிடந்த உவர் மேலை வந்திட்டுது. வெங்காயம் நுனியாலை கருகி வருகுது. விதைக்கு வைச்சதும் போச்சுது.”

“எட்டாம் நாள் இறைக்காமல் விட்டிருக்கலாமே அக்கா?” என்றேன். இன்றைக்கும் நினைத்தால் கூசும் கேள்வி அது.

“நான் விட்டனான். புதுசாப் பங்கு வாங்கின ஒருத்தர், கந்தோர்க் கடதாசியிலை ஏழு நாள் எண்டுதான் கிடக்கு, முத்திரையும் கிடக்கு எண்டு மோட்டரைப் போட்டார். சுத்து ஏழாப் போனாப் பிறகு நான் மட்டும் எட்டெண்டு நிண்டு என்ன செய்யிறது? குழாய் பாக்க வந்த உங்கடை ஆளும் கடதாசிப்படி இறையுங்கோ எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனவர். உமக்கு நான் வந்து சொன்னனான், தம்பி.”

மிஸ் என்னைப் பார்த்தார். “வந்து சொன்னவவோ?”

“ஓம் மிஸ்.”

கண்ணாடியைக் கழற்றினார். லாச்சியிலிருந்து அந்தப் பட்டியலின் அலுவலகப் பிரதியை எடுத்து, தான் போட்ட சிவப்புச் சரிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஏழு.

அன்று மாலை வீட்டுக்குப் போய் ஐயாவிடம் கேட்டேன். தோட்டக் கிணற்றில் ஒருவருக்கும் இல்லாத நாள் என்று ஒன்று இருக்குமா என்று.

“ஊற விடுற நாளோ? கன கிணத்திலை இருக்கு. அண்டைக்கு இறைப்பில்லை. இறைப்பில்லாட்டி எங்களுக்குக் கூலியுமில்லை. உனக்கு நினைவில்லையே, இடைக்கிடை வீட்டிலை ஒருநேரச் சோறு? அது அந்த நாள்தான்.”

“ஏன் ஐயா எனக்குச் சொல்லேல்லை?”

“நீ எப்ப கேட்டனீ? கணினி வேலை எண்டாய். அதிலை நான் என்னத்தைக் கண்டன்?”

முப்பது வருடம் கிணற்றடியில் நின்றவரோடு ஒவ்வொரு நாளும் ஒன்றாக இருந்து சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன். கேட்பதற்கு அங்கே யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

திருத்தம் சுலபமாக வரவில்லை. எந்தெந்தக் கிணற்றுக்கு ‘ஆம்’ அழுத்தினோம் என்பதை ஆட்-இன் எங்கேயும் குறித்துவைக்கவில்லை. அப்படி ஒரு பதிவு வைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மூன்று கிழமை மிஸ்ஸும் நானும் எல்லா மூலப் படிவங்களையும் எடுத்து, பென்சிலால் கூட்டினோம். பங்கு குறைந்த கிணறுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி, அது என்ன பங்கு என்று கேட்பித்தோம். ஊற விடும் நாள் உள்ளவை பதினொன்று. அந்த நாளுக்குப் பெயர் வேண்டும் என்று கணினி நின்றது. நான் பங்காளர் அட்டவணையில் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தேன்: ‘கிணறு’.

மிஸ் அச்சுப் பிரதியில் அடிமட்டத்தை வைத்தார். “பங்காளர் பெயர், கிணறு. அடையாள அட்டை இலக்கம்?”

“இல்லை மிஸ்.”

“இலக்கம் இல்லாத ஆளுக்கு நான் எப்பிடித் தம்பி கையொப்பம் வைக்கிறது?”

“ஆள் இல்லை மிஸ். கிணறு.”

“எங்கை பாத்தனீர்?”

“கிணத்தடியிலை கேட்டது மிஸ்.”

இரண்டு நாள் அந்தத் தாளை வைத்திருந்தார். மூன்றாம் நாள், தன் பொறுப்பில் அனுமதிப்பதாகத் தன் கையாலேயே ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் கோத்தார். பிறகு ஓட்டோ பிடித்து, பதினொரு கிணற்றுக்கும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு இடத்திலும் அதே இரண்டு வசனம்: “பிழை எங்கடை. பழையபடி ஒரு நாள் ஊற விட்டு இறையுங்கோ.”

சண்டிலிப்பாயில் நான் ‘ஆம்’ பொத்தானை அழுத்திய கதையையும் சொன்னேன். அக்கா பாத்தியை விட்டு எழும்பவில்லை. “நீங்கள் மன்னிப்புக் கேக்கிறது எனக்கு விளங்குது மிஸ். உப்புக்கு விளங்குமே?” என்றார்.

தண்ணீர் மறுபடி நன்றாக வர இரண்டு மாரி எடுத்தது. அதுவரை அக்கா மற்றவர்களின் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். நான் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டேன். பங்கு குறைந்தால் ஆட்-இன் பிறகு ஒரேயொரு வசனம்தான் சொல்லும்: ‘மீதி யாருடையது? கேட்டு எழுதவும்.’ பன்னிரண்டு வருடத்தில் நான் எழுதிய வரிகளில் ஒழுங்கானது என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

மிஸ் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. இந்த வருடம் எல்லாத் தரவுகளையும் இணையவழித் தொகுதி ஒன்றுக்கு மாற்றச் சொல்லி வந்தது. துஷாந்திதான் ஏற்றினாள். என் கடைசிக் கிழமையில் ஒரு காலை திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அண்ணை, பதினொரு பதிவை எடுக்கமாட்டன் எண்டு நிக்குது. எல்லாத்திலையும் ஒரே பேர். பதினொரு ஊரிலை பங்கு வைச்சிருக்கிற உந்தக் கிணறு ஆர்? பெரிய பணக்காரனோ?”

சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். தலைமையகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். உரிமையாளர் அல்லது பொறுப்பாளர் ஒருவரின் அடையாள அட்டை இலக்கம் கட்டாயம் வேண்டும்; மாத முடிவுக்குள் கொடுக்காவிட்டால் அந்த வரி அழிந்துவிடும்; பங்கு மற்றவர்களுக்குத் தானாகவே பிரியும் என்றார்கள். நான் எடுத்துவிட்ட பொத்தானை வேறு யாரோ மறுபடி செய்திருக்கிறார்கள். இது கேள்விகூடக் கேட்காது.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் சண்டிலிப்பாய்க்குப் போனேன். அக்கா மோட்டர் கொட்டிலடியில் குழாய் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“ஆர், ஆம்-பொத்தான் தம்பியோ? இந்தமுறை எத்தினை நாளைக் கொண்டுபோக வந்தனீர்?”

விடயத்தைச் சொன்னேன். ஏழு பேரில் ஒருவரைப் பொறுப்பாளராகப் போடலாமா என்று கேட்டேன்.

“விசரே? நாளைக்கு அவர் தன்ரை எண்டு இறைப்பார்.”

“கனடாவிலை இருக்கிற உங்கடை அண்ணை?”

“அவர் தன்ரை காணியை வித்தா அந்த நாளும் சேந்து போகும். இஞ்சை காணி இல்லாத ஆளா இருக்கவேணும். தோட்டமும் செய்யக்கூடாது. செய்யிற எண்ணமும் இருக்கக்கூடாது.” குழாயைக் கீழே போட்டுவிட்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “உமக்குக் காணி கிடக்கோ?”

“இல்லை அக்கா.”

“மம்பெட்டி பிடிக்கத் தெரியுமோ?”

“தெரியாது.”

“அப்ப உம்மடை நம்பரைப் போடும். நீர் ஒருநாளும் இறைக்க வரமாட்டீர்.”

உத்தியோகத்தர் தன் பெயரைப் போட முடியாது என்று விதியைச் சொன்னேன். எப்போது வேலை முடிகிறது என்று கேட்டார். இருபத்தெட்டாம் திகதி என்றேன். “அப்ப இருபத்தொன்பதாம் திகதி வாரும்” என்றார்.

இருபத்தொன்பதாம் திகதி போனேன். ஏழு பேரும் வந்திருந்தார்கள், மோட்டரைப் போட்ட அந்தப் பங்காளர் உட்பட. அவர்தான் முதலில் கையொப்பம் வைத்தார். படிவத்தில் என் பெயர், ஐயாவின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எட்டில் ஒரு பங்கு. தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு கீறினேன். துஷாந்தி அன்றே ஏற்றினாள். கணினி எடுத்துக்கொண்டது. மற்றப் பத்துக் கிணற்றுக்கும் இரண்டு நாள்தான் இருந்தது. நாங்கள் இருவரும் ஓடித்திரிந்தும் நாலுக்குத்தான் ஆள் கிடைத்தது. ஆறு போய்விட்டது. அங்கே கடதாசியில் ஏழு நாள், ஆறு நாள் என்றுதான் இனி வரும். பழையபடி இறையுங்கோ என்று வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். முத்திரைக்கு முன்னால் வாய்ச்சொல் எவ்வளவு நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

ஐயாவிடம் படிவத்தின் பிரதியைக் காட்டினேன். தன் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தேடிப் பிடித்தார்.

“அப்ப எங்களுக்கும் ஒரு கிணத்திலை பங்கு கிடக்கு.”

“கிடக்கு ஐயா. இறைக்கேலாது.”

“நான் மற்றவையின்ரை முறைக்கெல்லாம் இறைச்சுத் துலைச்சனான். என்ரை மோன்ரை முறைக்கு ஒருத்தரும் இறைக்கக்கூடாதாம். நல்ல பகிடி.” படிவத்தை மடித்து, தன் அடையாள அட்டை வைக்கிற உறைக்குள் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். எட்டு நாளுக்கு ஒருமுறை, காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். நாட்களை நான் எண்ணுவதில்லை, அக்கா எண்ணுகிறார்.

“தம்பி, இண்டைக்கு உம்மடை முறை. இறைக்க வாறீரோ?”

“இல்லை அக்கா. வரேல்லை.”

“சரி, வையும்.”